பூவரசம்பூவுக்கு என்ன நிறம்?

எமது பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோலத் தாய்மொழிக் கல்வியின் அவசியம் பற்றியே எழுதலாமென எண்ணியிருந்தேன். "அதை நீங்கள் மூன்று வருடமாக எழுதிவிட்டீர்கள்; வாசித்தவர் எவரும் மறுத்ததாகவும் தெரியவில்லை, வாசித்ததாகவும் தெரியவில்லை" என்று என் மனைவி கூறினார். ஆகவே இம்முறை மலருக்கு மலரைப் பற்றியே எழுதுகின்றேன். நாற்பது வயதைக் கடந்த கணித ஆசிரியன் ஒருவன், சித்திரப் பாடத்தில் என்றுமே நாற்பது புள்ளிகளைத் தாண்டாதவன், நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நீர்வர்ணத்தில் பூத்தீட்டக் கற்ற கதை இது. கற்றேன் என்பதிலும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பதே உண்மை.

2022ஆம் ஆண்டு தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் இது தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஊர்ப்புற வீடுகளைப் பற்றிய பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கிளுவையும் பூவரசும் நட்டு அடைக்கப்பட்ட வேலி என்று பாடத்தில் வருகிறது. நாங்கள் பிரதியெடுத்துக் கொடுக்கும் தாளில் படங்கள் யாவும் கறுப்பு வெள்ளை. "சேர், பூவரசம்பூ என்ன கலர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மஞ்சள் என்று உடனே விடை கூறினேன். அதற்குள் ஒரு மாணவன் மேசைக்கடியில் கைத்தொலைபேசியில் தேடி, மஞ்சள்தான் என்று படத்தையும் காட்டிவிட்டான். ஆனால் அம்மாணவி தன் தொலைபேசியில் எடுத்த படமோ செம்மை படர்ந்த பூவொன்றைக் காட்டியது. பெயர் இரண்டிலும் ஒன்றே. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "அது வேறொரு பூவாக இருக்கும், இணையத்தில் எல்லாம் பிழையாகத்தான் போடுவார்கள்" என்று ஆசிரியருக்குரிய அதிகாரத்தோடு வழக்கை முடித்துவைத்தேன். பூவரசு வேலிக்குள் பிறந்து வளர்ந்தவனல்லவா நான்!

அன்றிரவு ஊரிலுள்ள அம்மாவோடு தொலைபேசியில் பேசியபோது, பேச்சுவாக்கில் இதனைக் கூறினேன். அம்மா சிரித்தார். "காலமை பூக்கேக்கை மஞ்சள். பின்னேரம் வாடேக்கை சிவந்துபோம். அந்தப் பிள்ளை காட்டினது பின்னேரப் பூ. நீ எந்தப் பின்னேரம் வீட்டிலை நின்றனீ, உனக்குத் தெரிய?" என்றார்.

சொல்வதறியாது இருந்தேன். பதினெட்டு ஆண்டுகள் அவ்வேலியோரமாக நடந்து பாடசாலைக்குப் போயிருக்கிறேன். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருக்கிறேன். ஆட்டுக்குக் குழை வெட்டியிருக்கிறேன். அதன் பூ ஒரே நாளில் நிறம் மாறும் என்பதைப் பார்த்ததில்லை. நிலத்தில் கிடந்த சிவந்த பூக்களைப் பார்த்திருப்பேன். அவற்றையும் மரத்திலிருந்த மஞ்சட் பூக்களையும் தொடர்புபடுத்திப் பார்க்கவில்லை. ஒரு குழந்தை சரியாகச் சொன்னதை வகுப்பின் முன் பிழையென்று தீர்ப்பளித்துவிட்டேனே என்ற வெட்கம் ஒருபுறம்.

"அம்மா, தங்கச்சியின் பிள்ளையைக் கொண்டு எங்கள் வேலிப் பூவைக் காலையிலும் மாலையிலும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, பிள்ளைகளுக்குக் காட்டவேணும்" என்றேன்.

"எந்த வேலி?" என்று அம்மா கேட்டார். "மதில் கட்டேக்கை எல்லாத்தையும் தறிச்சதுதானே. நீ அனுப்பின காசிலைதான் கட்டினது."

உண்மை. 2017ஆம் ஆண்டு நானே அனுப்பிய பணம். ஒவ்வோர் ஆண்டும் கதியால் வெட்டி, கிடுகு மாற்றி வேலியடைக்க ஆளில்லை, மாடுகள் உள்ளே வந்துவிடுகின்றன, அயலில் எல்லோரும் மதில் கட்டிவிட்டார்கள் என்று தங்கை எழுதியிருந்தாள். இரவு வேலையில் மிச்சம்பிடித்ததை மனநிறைவோடு அனுப்பினேன். கட்டிமுடித்த மதிலின் படம் வந்தபோது பெருமையோடு நண்பர்களுக்கும் காட்டினேன். அதற்காக எது தறிக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றவில்லை. யுத்தம் எமது ஊரில் எத்தனையோ மரங்களைக் கொண்டுபோயிற்று. அவற்றுக்காக நாம் பிறரைக் குறைகூறலாம். இந்த வேலிக்கு மட்டும் நான் எவரையும் குறைகூற முடியாது.

அடுத்த சனிக்கிழமை அம்மாணவியிடம் வகுப்பின் முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். அவள் அதனைப் பெரிதாக எடுக்கவில்லை. "அப்ப சேர், நடுவில என்ன கலர்? மத்தியானம்?" என்று கேட்டாள். பாருங்கள், இதுதான் குழந்தைகளின் கேள்வி. அந்த உற்சாகத்தில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்: மொட்டு முதல் உதிர்வது வரை ஆறு தாள்களில் நானே வரைந்து தருகிறேன் என்று. சொன்ன பின்புதான் எனக்கு வரையத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

எமது வீட்டுக்கு அண்மையிலுள்ள பொது நூலகத்தில் பூக்களை நீர்வர்ணத்தில் தீட்டுவது பற்றி மூன்று புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று தோட்டப்பூக்களைப் படிப்படியாகக் காட்டுவது. மற்றொன்று வர்ணக்கலவை பற்றியது. மூன்றாவது தாவரவியற் சித்திரங்களுக்கானது. மூன்றின் பொருளடக்கத்திலும் ரோசா, டூலிப், பொப்பி, பான்சி, டாபோடில் என வரிசையாக இருந்தன. பூவரசு இல்லை. இருக்குமென்று நான் எதிர்பார்க்கவுமில்லை. எனினும் அதன் ஆங்கிலப் பெயரைத் தேடியபோது ஒரு மகிழ்ச்சி காத்திருந்தது. ஆங்கிலத்தில் இதனைப் 'போர்ஷியா' மரம் என்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனில் வரும் போர்ஷியாவுக்கும் இம்மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'பூவரசு' என்ற எமது சொல்லே வெள்ளைக்காரரின் நாவில் உருண்டு போர்ஷியா ஆயிற்று. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

உபகரணங்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். முதலில் வீட்டிலிருந்த அச்சுத்தாளிலேயே வரைந்தேன். அது சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள தாள். தண்ணீர் பட்டதும் அப்பளம்போல் நெளிந்தது. நீர்வர்ணத்துக்கு 300 கிராம் தாள் வேண்டுமெனப் புத்தகம் கூறியதை விற்பனைத் தந்திரம் என்று எண்ணியிருந்தேன். அல்ல என்பதை இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டேன். வர்ணங்களில் மாணவர்க்குரிய மலிவான வகையொன்றை வாங்கினேன். நீர்வர்ணம் என்பது நன்கு அரைத்த வர்ணப்பொடியும் வேலமர இனத்தின் பிசினும் சேர்ந்தது. ஊரில் கடிதவுறை ஒட்டப் பிசின் கரைத்தவர்களுக்கு அதன் குணம் தெரியும்: காய்ந்தாலும் மீண்டும் நீர் பட்டால் இளகும். நீலத்தில் 'அல்ற்றாமரின்' என்ற ஒன்று உண்டு. முற்காலத்தில் அதனை ஆப்கானிஸ்தானத்துப் படக்‌ஷான் மலைகளில் எடுக்கும் நீலக்கல்லை அரைத்துச் செய்தார்கள். பொன்னுக்கு நிகரான விலை. 1820களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் முறை கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே என்போன்றோர் அதை வாங்கக்கூடியதாயிற்று. தூரிகை கழுவும் தண்ணீருக்கு ஊறுகாய்ப் போத்தல். வர்ணம் குழைக்க வெள்ளைப் பீங்கான் கோப்பைத் தட்டு. அப்போத்தலுக்குப் பக்கத்திலேயே தேநீரையும் வைத்து, ஒருநாள் தூரிகையை எதில் தோய்த்தேன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆங்கிலப் புத்தகத்தில் முதலிற் கண்ட கலைச்சொல் 'வாஷ்'. நான் கற்ற ஆங்கிலத்தில் அதற்குக் கழுவுதல் என்ற பொருள் மட்டுமே உண்டு. தாளைக் குழாயடியிற் பிடித்துக் கழுவினேன். அது மெல்லிய வர்ணப் பூச்சினைக் குறிக்கும் என்று இரண்டு பக்கம் தள்ளி அறிந்தேன். ஆயினும் தாளை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டும் முறையும் இக்கலையில் இருப்பதாக மூன்றாவது புத்தகம் கூறியதால், என் அவமானம் பாதியாகக் குறைந்தது.

முதல் மாதத்தில் நான் வெற்றிகரமாகத் தீட்டிய ஒரே பூ கோலிபிளவர். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது நீர் மிகுந்த தூரிகையால் மறுபடி தொட்டால், அந்நீர் வர்ணப்பொடியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், கோலிபிளவர்போல் ஒரு கறையை உண்டாக்கும். புத்தகங்களிலும் அதற்கு அப்பெயரே வழங்குகிறது. என் ஒவ்வொரு தாளிலும் இரண்டு மூன்று இருந்தன. மஞ்சள் இதழில் நிழல் காட்டக் கறுப்பைக் கலந்தேன், பச்சையாயிற்று. மஞ்சளோடு கறுப்புச் சேர்ந்தால் பாசிப்பச்சை வருமென்பதும், மஞ்சளின் நிழலுக்கு அதற்கெதிரான ஊதாவை மிக மெலிதாகப் பூசவேண்டுமென்பதும் இரண்டாவது புத்தகத்தின் நடுப்பகுதியில் இருந்தன. வெள்ளை வேண்டிய இடத்தில் வெள்ளை வர்ணம் பூசுவதில்லை. தாளைத் தொடாமல் விடவேண்டும். எங்கே தூரிகை போகக்கூடாது என்பதை முதலிலேயே தீர்மானிக்காவிட்டால் பின்பு திருத்த வழியில்லை. கரும்பலகையில் பிழைத்தால் துடைத்துவிட்டு எழுதிப் பழகிய கைக்கு இது பெரும் சோதனை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறொன்று. இத்தகைய புத்தகங்களில் ஒவ்வொரு பூவும் நான்கு படங்களில் காட்டப்பட்டிருக்கும். முதலாம் படத்தில் பென்சிற் கோடு. இரண்டாம் படத்தில் மெல்லிய மஞ்சள். மூன்றாம் படத்தில் சற்று நிழல். மூன்றாம் படம் வரை நானும் புத்தகமும் ஏறத்தாழ ஒன்றாகவே நடந்தோம். நான்காம் படத்தில் பூ உயிர்பெற்று நிற்கும்! கீழே, 'இப்போது நுணுக்கங்களைச் சேர்த்து முடிக்கவும்' என்று ஒருவரி. எந்த நுணுக்கம்? எங்கே? எப்படி? மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் அந்த ஓவியர் செய்ததெல்லாம் அவருக்கு மிகப் பழகிப்போனவை. ஆதலால் அவை சொல்லப்பட வேண்டியவை என்றே அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தின்மீது எனக்கு ஆத்திரம் வந்தது. புத்தகத்தை மூடி எறிந்தேன் என்று எழுத விருப்பம்தான். நூலகப் புத்தகமானபடியால் மெதுவாகவே வைத்தேன்.

வைத்த கையோடு ஒரு பழைய வகுப்பறை நினைவுக்கு வந்தது. 2004ஆம் ஆண்டு, வன்னியில் ஒரு பாடசாலை. பத்தாம் ஆண்டுக்குக் கேத்திர கணிதம் கற்பிக்கிறேன். கரும்பலகையில் மூன்று வரி எழுதி, மூன்று புள்ளியிட்டு 'ஆகவே' என்று நான்காம் வரியை எழுதினேன். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், அது எப்பிடி வந்தது?" என்று கேட்டான். "பார்த்தாலே தெரியுதுதானே, இரு" என்றேன். அவன் இருந்தான். அதன் பின்பு அந்தப் பாடத்தில் அவன் எழுந்து கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. நல்ல ஆசிரியர் என்று பெயரெடுத்திருந்த காலம் அது. 2009க்குப் பின்னர் அவனைப் பற்றி எவரிடமும் கேட்க வழியின்றிப் போயிற்று. அவனுடைய முகம் நினைவிருக்கிறது. எழுந்து நின்ற விதம் நினைவிருக்கிறது. நாற்பது கழிந்து, அடுப்படி மேசையில், ஒரு பான்சிப் பூவின் நான்காம் படத்தின் முன்னால் அவனுடைய கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் சிலர், "சேர் இப்போது பாடத்தை மெதுவாகக் கொண்டுபோகிறார், ஒரு எழுத்துக்கு ஒரு கிழமையா?" என்று குறைப்படுவது என் காதுக்கு வந்திருக்கிறது. ழகரத்துக்கு நாக்கு எங்கே போகிறது என்று எமக்குத் தெரியாது, அது போய்விடுகிறது. இங்கு பிறந்த பிள்ளைக்கு அது நான்காம் படம். நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தொடாமல் நிறுத்து என்று, கண்ணாடியைக் கையிற் கொடுத்துக் காட்டவேண்டியிருக்கிறது. ஒரு கிழமை போதாது என்பதே என் கருத்து.

பூவுக்கு வருவோம். மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட வழியைப் புத்தகம் தராதபோது, உண்மையான பூவைப் பார்த்து அறிவதைத் தவிர வேறு வழியில்லை. பூவரசுக்கு இலண்டனில் நான் எங்கே போவேன்? தாவரவியற் புத்தகமே ஒரு வழி காட்டியது. பூவரசு, செவ்வரத்தை, பருத்தி, வெண்டி யாவும் ஒரே குடும்பம். வெண்டிப்பூவை நினைத்துப் பாருங்கள்: ஐந்து மஞ்சள் இதழ்கள், ஒன்றன் ஓரத்தை ஒன்று மூடியபடி, நடுவே கருஞ்சிவப்பு, ஒருநாள் வாழ்வு. எமது பாடசாலைப் பெற்றோர் ஒருவர் தன் வீட்டுக் கண்ணாடிக் கூடத்தில் வெண்டி பயிரிடுகிறார். அவ்வாண்டு ஆடி மாதத்தில் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் நேரே அங்கு போய், தாழ்வான பிளாஸ்ரிக் கதிரையொன்றில் இருந்து வரைந்தேன். வீட்டுக்கார அம்மா முதல் இரண்டு நாட்கள் தேநீர் தந்தார். மூன்றாம் நாள், "காய் வேணுமெண்டா பிடுங்குங்கோ சேர், பூவை மட்டும் தொடாதேங்கோ" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

முதல்நாள் தூரிகையையே எடுக்கவில்லை. மூன்றாவது புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது: முதலில் எண்ணு, அள, பிறகு வரை. இதழ்களை எண்ணினேன். எந்த இதழ் மேலே, எந்த இதழ் கீழே என்று குறித்தேன். நடுவேயுள்ள கருஞ்சிவப்பு ஒரு வட்டமல்ல என்பதைக் கண்டேன்; ஒவ்வொரு இதழின் அடியிலும் ஒவ்வொரு கறையாக இருந்து, ஐந்தும் சேர்ந்து வட்டம்போலத் தோன்றுகிறது. இதழில் ஓடும் நரம்புகள் விசிறிபோல் விரிகின்றன. இதுவே அந்த நுணுக்கம். இதுவே மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருந்தது. கருஞ்சிவப்பைப் 'பெர்மனன்ற் ரோஸ்' என்ற செந்நிறத்தோடு சிறிது நீலம் கலந்து ஆக்கினேன். மஞ்சள் முற்றாகக் காயுமுன் அதை வைத்தால் வெற்றிலைச் சாறுபோல் பரவிவிடும். காயும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். இலைக்கு மட்டும் வெண்டி உதவாது. அதன் இலை விரல்விரலாகப் பிரிந்தது; பூவரசின் இலையோ இதயவடிவம். அதைப் பார்க்காமலே வரைந்தேன். பீப்பீ சுருட்டிய விரல்களுக்கு அதன் விளிம்பும் காம்பும் நினைவிருந்தன.

2023ஆம் ஆண்டுக் கோடையில் மாணவர்களைக் கியூ தாவரவியற் பூங்காவுக்கு அழைத்துச் சென்றபோது, அங்கு மரியான் நோர்த் என்ற அம்மையாரின் ஓவியக்கூடத்தைக் கண்டோம். 1882ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கூடத்தின் சுவர்களில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், இடைவெளியின்றி முத்திரைகள் ஒட்டியதுபோல் நெருங்கியிருக்கின்றன. அவர் 1870களில் இலங்கைக்கும் சென்று வரைந்தவர். ஆனால் அவர் பயன்படுத்தியது எண்ணெய் வர்ணம். நீர்வர்ணத்துக்கு எமது நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 19ஆம் நூற்றாண்டில் ஹார்மனிஸ் டி அல்விஸ் என்பவர் பல்லாண்டுகள் சித்திரக்காரராகப் பணியாற்றினார். அவருடைய மைந்தரும் அப்பணியைத் தொடர்ந்தனர். இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஹென்றி டிரைமன் 1893 முதல் வெளியிட்ட பெருநூலின் சித்திரங்கள் அக்குடும்பத்தின் கைவண்ணமே. எந்தப் பாடசாலையிலும் எனக்கு இதனை எவரும் சொல்லித்தரவில்லை. நானும் எவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, இன்றுவரை.

மொட்டும், காலைப்பூவும், மத்தியானப்பூவுமாக மூன்று தாள்கள் ஒருவாறு முடிந்தன. நான்காவது, ஐந்தாவது தாள்களே பெரும்பாடு. மாலைப்பூவின் நிறத்துக்கு வெண்டிப்பூ உதவாது. இணையத்துப் படங்களோ ஒன்றுபோல் ஒன்றில்லை. காய்ந்த மஞ்சளின்மேல் செந்நிறத்தை மெல்லியதாகப் பூசிப் பார்த்தேன். தங்கையின் மகள் தொலைபேசியில் அம்மாவுக்குக் காட்டினாள். "இது கனகாம்பரம்" என்றார் அம்மா. செந்நிறத்தைக் கூட்டினேன். "இது செவ்வரத்தை. தம்பி, அது அப்பிடிப் பளிச்செண்டு இராது. வாடின சிவப்பு." வாடிய சிவப்பு என்றொரு நிறம் எந்தக் கடையிலும் இல்லை. இரண்டாவது புத்தகத்தின் கலவை அட்டவணையை வரிவரியாகச் செய்து பார்த்தேன். கூடத்து விளக்கின்கீழ் சரியாயிருப்பது காலை வெளிச்சத்தில் வேறாயிருக்கும். ஒன்பது வாரங்கள் கழித்து, செந்நிறத்தோடு 'பேர்ன்ற் சியன்னா' என்ற செம்மண் வர்ணத்தைக் கலந்து, அது ஈரமாக இருக்கையிலேயே ஓரத்தில் துளி ஊதாவை விட்டபோது ஏதோ ஒன்று வந்தது. ஓரிடத்தில் என் பழைய நண்பர் கோலிபிளவரும் வந்துவிட்டார். திருத்தவில்லை.

அத்தாளைக் காட்டியபோது அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டார். "கிணத்தடிப் பக்கத்து மூலையிலை இப்பிடித்தான் கொட்டுண்டு கிடக்கும். காலமை காலமை கூட்டுறது நான்தானே" என்றார். பிறகு, "சாப்பிட்டிட்டியோ?" என்று கேட்டார்.

ஆறாவது தாள் இன்னும் முடியவில்லை. உதிர்ந்த பூவுக்கு மண்ணின் நிறம் வேண்டும். எமது முற்றத்து மண் செம்மண்ணா, சாம்பல் படிந்த மண்ணா என்பதில் எனக்கும் தங்கைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆண்டு விழாவன்று ஐந்து தாள்களும், முடிந்தால் ஆறாவதும், பாடசாலையின் நான்காம் அறையில் வைக்கப்படும். அவற்றுக்குக் கண்ணாடி போடவில்லை. பிள்ளைகள் கையிலெடுத்துப் பார்க்கலாம். சிற்றுண்டிக்குப் பின்னர் வருபவர்கள் கைகளை நன்றாகத் துடைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். பிசின் கலந்த வர்ணமாகையால் எத்தனை நாள் காய்ந்திருந்தாலும் ஈரம் பட்டால் கரைந்துவிடும்.